சல்லிசு இன்சூரன்சும் சவுந்தரநாயகமும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க.

கார் வச்சிருக்கற எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வியாதி இது. ரின்யூவல் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே பழைய கம்பெனிக்காரன் நோட்டீஸ் அனுப்புவான். ஒரு கிளெய்ம் கூட போடலையே, அப்புறம் ஏன் இவ்வளவுன்னு எரிச்சல் வரும். உடனே நாலு சைட்டுல வண்டி நம்பரை தட்டி, ரெண்டு ஏஜெண்டுக்கு போன் போட்டு, எவன் ஐநூறு ரூபா கம்மியா தர்றான்னு பார்க்க ஆரம்பிச்சுடுவோம். நானும் இந்த கோஷ்டிதான். இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

ஆனா இந்த "எவன் கம்மி"ங்கற தேடலுக்கு ஒரு சரித்திரம் இருக்கு மக்களே. அந்த சரித்திரத்துல ஒரு முக்கியமான அத்தியாயத்தை எழுதினவர் பேரு மைக்கேல் மரியன் எமில் அனக்லிடஸ் பியர் சவுந்தரநாயகம். மூச்சு வாங்குதா? அவருக்கும் வாங்கியிருக்கணும். லண்டன்ல "எமில் சவுந்த்ரா"ன்னு சுருக்கிக்கிட்டார். பேரோட வாலைப் பார்த்ததுமே உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், நம்ம ஊர் பேர்தான். 1923ல் இலங்கையில் பிறந்த தமிழர்.

அவர் கதைக்கு போறதுக்கு முன்னாடி களத்தை கொஞ்சம் பார்த்துடுவோம்.

இங்கிலாந்தில் 1930ல் ஒரு சாலைப் போக்குவரத்து சட்டம் வந்தது. கார் ஓட்டறவன் யாரையாவது இடிச்சு காயப்படுத்தினா, அதுக்கு நஷ்ட ஈடு கொடுக்கற அளவுக்கு இன்சூரன்ஸ் கண்டிப்பா வச்சிருக்கணும்னு அந்த சட்டம் சொன்னது. அது வரைக்கும் இடிபட்டவன் கேஸ் போட்டு ஜெயிச்சாலும், இடிச்சவன் கையை விரிச்சா அவ்வளவுதான். சட்டம் வந்ததும் இன்சூரன்ஸ்ங்கறது எல்லா கார்காரனும் வாங்கியே ஆகவேண்டிய சரக்காயிடுச்சு. வாங்கியே ஆகணும்னா எல்லாரும் முதல்ல என்ன கேப்பாங்க? "எங்கே சல்லிசா கிடைக்கும்?"

பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரு சங்கம் வச்சு, டாரிஃப்னு ஒரு பொது விலைப்பட்டியல் போட்டு வச்சிருந்தாங்க. ஆளைப் பொறுத்து, வண்டியைப் பொறுத்து, ஊரைப் பொறுத்து இவ்வளவுன்னு. சங்கத்துக்கு உள்ளே யார்கிட்ட போனாலும் விலை ஏறக்குறைய ஒண்ணுதான். சங்கத்துக்கு வெளியே இருந்த கம்பெனிகள்தான் விலையைக் குறைச்சு ஆள் பிடிச்சாங்க. யுத்தத்துக்கு அப்புறம் நடுத்தர வர்க்கம் கார் வாங்க ஆரம்பிச்சதும் வெளியாட்களுக்கு நல்ல வேட்டை.

நம்ம ஆள் உள்ளே நுழையறது இங்கேதான். அதுக்கு முன்னாடியே அவருக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. கோவாவுக்கு கப்பல்ல அரிசி அனுப்பறேன்னு இல்லாத அரிசிக்கு காகிதம் காட்டி ஒரு பெல்ஜியம் வங்கியில் பணம் வாங்கின கேஸில் 1954ல் மாட்டி, அந்த நாட்டு ஜெயிலைப் பார்த்தவர். இப்படிப்பட்டவர் 1963ல் லண்டன்ல "ஃபயர், ஆட்டோ அண்ட் மரீன்"னு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி ஆரம்பிச்சார். அப்போ பிரிட்டனில் இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்க சட்டம் கேட்ட மூலதனம் எவ்வளவு தெரியுமா? 50,000 பவுண்டு. அதை காட்டிட்டா போதும். நீ யாரு, எந்த ஜெயில்ல இருந்தேன்னு யாரும் கேக்கலை.

பிரீமியம் மத்தவங்களை விட ரொம்ப கம்மி. புரோக்கர்களுக்கு கமிஷன் தாராளம். கேக்கணுமா? மூணே வருஷத்தில் சுமார் 4 லட்சம் கார்காரர்கள் அவர்கிட்ட பாலிசி எடுத்துட்டாங்க.

இந்த வியாபாரத்தோட சூட்சுமத்தை இங்கே கொஞ்சம் நின்னு புரிஞ்சுக்கணும். மளிகைக் கடைக்காரர் சரக்கை வாங்கின விலை தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு மேல லாபம் வச்சு விக்கறார். இன்சூரன்ஸ்காரருக்கு விக்கும்போது அடக்க விலையே தெரியாது. இன்னிக்கு 20 பவுண்டு வாங்கிட்டு பாலிசி கொடுக்கறார். அந்த ஆள் இடிப்பானா, எப்போ இடிப்பான், கோர்ட் எவ்வளவு போடும்னு தெரிய ரெண்டு மூணு வருஷம் ஆகும். பணம் முன்னாடி வருது, செலவு பின்னாடி வருது. அதனால வேகமா வளர்ற கம்பெனி எப்பவும் பணக்கார கம்பெனி மாதிரியே தெரியும். போன வருஷ கிளெய்மை இந்த வருஷம் புதுசா சேர்ந்தவன் பிரீமியத்துல கொடுத்துக்கிட்டே போகலாம். நம்ம ஊர் சீட்டு கம்பெனிகளை பார்த்தவங்களுக்கு இந்த வாசனை நல்லாவே தெரியும் :-)

நேர்மையான ஆளா இருந்தாலே இந்த விலைக்கு வித்தா தாக்குப் பிடிக்கறது கஷ்டம். சவுந்த்ராவோ வந்த பணத்தை லீக்டன்ஸ்டைன்ல தன்னோட கைக்குள்ள இருந்த ஒரு வங்கிக்கு "முதலீடு"ன்னு தள்ளினார். அங்கேர்ந்து அது பவர்போட் பந்தயமா, ஆடம்பர வீடா, காரா மாறிச்சு. கம்பெனி கையில் இருக்குன்னு காட்டின அரசுப் பத்திரங்கள் போலி. 1966 நடுவில் தன் பங்குகளை கைமாத்தி விட்டுட்டு, உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு வெளிநாடு போனார். அந்த ஜூலையில் கம்பெனி படுத்தது.

ஒரே நாள்ல 4 லட்சம் பேர் கையில் இருந்த பாலிசி வெறும் காகிதம். மறுநாள் காலையில் காரை வெளியே எடுத்தா சட்டப்படி குற்றம். ஏற்கெனவே கட்டின பிரீமியம் போச்சு, திரும்ப இன்னொரு கம்பெனிக்கு முழுசா கட்டணும். இடிபட்ட மனுஷங்களைக் காப்பாத்த 1946லேயே மோட்டார் இன்ஷ்யூரர்ஸ் பீரோன்னு ஒண்ணு அங்கே ஏற்படுத்தி வச்சிருந்தாங்க. இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சாலும் காயம்பட்டவருக்கு மத்த கம்பெனிகள் சேர்ந்து பணம் கொடுக்கற ஏற்பாடு அது. ஆனா அது ஆள் காயத்துக்கு மட்டும்தான். தன் சொந்தக் காரை ரிப்பேருக்கு விட்டுட்டு செக்குக்காக காத்திருந்தவனை யார் கவனிப்பா?

இதோட முடிஞ்சிருந்தா இது இன்னொரு மோசடிக் கதை. ஆனா சவுந்த்ரா 1967 தொடக்கத்தில் லண்டனுக்கு திரும்பி வந்து, பிப்ரவரி 3ம் தேதி டேவிட் ஃப்ராஸ்டோட டிவி நிகழ்ச்சியில் உக்காந்தார். எதிரே பார்வையாளர் வரிசையில் அவரோட கம்பெனியால பணம் வராம போனவங்க, அதுல விபத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள். அவங்களைப் பார்த்து நம்மாள் காட்டின திமிர்தான் இன்னிக்கு வரைக்கும் பிரிட்டிஷ் டிவி வரலாற்றில் பேசப்படுது. இந்த பட்டிக்காட்டுக் கூட்டத்தோட வாள் சுழற்ற நான் வரலைங்கற தோரணையில் பேசினார். கம்பெனியை வித்துட்டேன், சட்டப்படியும் சரி தார்மீகப்படியும் சரி, எனக்கு பொறுப்பு ஒண்ணும் இல்லைன்னுட்டார். ஃப்ராஸ்ட் கோபத்தோட எழுந்து போய்ட்டார்.

அடுத்த சில நாட்களில் கைது. 1968ல் எட்டு வருஷ சிறை, 50,000 பவுண்டு அபராதம். கவனிச்சீங்களா, கம்பெனி தொடங்க சட்டம் கேட்ட அதே தொகை! மேல்முறையீட்டில் நீதிபதிகள் தண்டனையை மாத்தலை. ஆனா கோர்ட்டுக்கு வர வேண்டிய விசாரணையை டிவியில நடத்தறது சரியில்லைன்னு கண்டிச்சாங்க. பத்திரிகைச் சட்டம் படிக்கறவங்க அந்த வழக்கை இன்னிக்கும் படிக்கறாங்க. அங்கே மட்டும் அவரோட முழு தமிழ்ப் பெயர் நிலைச்சுட்டது. 1974ல் வெளியே வந்தவர் 1976 டிசம்பரில் இறந்துட்டார்.

பாதிக்கப்பட்டவங்களை "சீப்பா கிடைக்குதுன்னு போனா இப்படித்தான்"னு கிண்டல் பண்றது சுலபம். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அந்த 4 லட்சம் பேர் பேராசைக்காரங்க இல்லை. சட்டம் கட்டாயமா வாங்கச் சொன்ன ஒரு பொருளை, அரசாங்கம் அனுமதி கொடுத்த ஒரு கடையில், விலை பார்த்து வாங்கினாங்க. கடையில சரக்கு இருக்கான்னு பார்க்க வேண்டியது அனுமதி கொடுத்தவன் வேலை.

அது பிரிட்டனுக்கும் உறைச்சது. 1967 கம்பெனி சட்டத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல அரசுக்கு கூடுதல் அதிகாரம் வந்தது. அப்புறமும் பாருங்க, 1968 கடைசியோட டாரிஃப் சங்கம் விலைப்பட்டியலைக் கைவிட்டது, விலைப்போர் தொடங்கிச்சு. 1971 மார்ச்சில் "வெஹிக்கிள் அண்ட் ஜெனரல்"னு அதை விட பெரிய கம்பெனி கவிழ்ந்தது. இவங்க சவுந்த்ரா மாதிரி ஆளுங்க இல்லை. விபத்து பண்ணாத டிரைவர்களாப் பார்த்து குறைஞ்ச விலைக்கு சேர்த்த கம்பெனி. வர்ற கிளெய்முக்கு ஒதுக்க வேண்டியதை கம்மியா ஒதுக்கினாங்க, அவ்வளவுதான். தெருவில் நின்னவங்க சுமார் பத்து லட்சம் பேர். அதுக்கு அப்புறம்தான் 1975ல் பாலிசிதாரர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து, ஒரு கம்பெனி கவிழ்ந்தா மத்தவங்க சேர்ந்து ஈடு கட்டணும்னு வச்சாங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நாம எப்போலேர்ந்து இப்படி கடை கடையா விலை கேக்கறோம்?

ரொம்ப நாளா இல்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1939ல் வந்தாலும், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்ங்கற அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1. அப்போ கம்பெனிகள் ஏராளம். 1973 ஜனவரியில் தேசியமயமாக்கினப்போ எண்ணிப் பார்த்தா 107 இருந்தது. ஆனா கடை 107 இருந்தாலும் விலை ஒண்ணுதான். டாரிஃப் கமிட்டி போட்ட விலைக்கு கீழே விக்க முடியாது. 1968 சட்டத் திருத்தத்தில் அது டாரிஃப் அட்வைசரி கமிட்டின்னு இன்னும் கெட்டியாச்சு. அப்புறம் 107ஐயும் நாலா பிசைஞ்சாங்க. கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், நம்ம சென்னையில் யுனைடெட் இந்தியா. கடை நாலு, விலை ஒண்ணு, முதலாளியும் ஒருத்தர்.

எங்க அப்பா காலத்துல "விலை கேக்கறது"ன்னா ஏஜெண்ட்கிட்ட "உங்க கமிஷன்ல எவ்வளவு விட்டுத் தருவீங்க?"ன்னு காதுல கேக்கறதுதான். 1938 இன்சூரன்ஸ் சட்டத்தோட 41வது பிரிவுப்படி அது குற்றம்னு அந்த பாலிசி காகிதத்துலயே பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும். அபராதம் ஐநூறு ரூபா வரைக்கும். (2015ல் அதை பத்து லட்சமா ஆக்கிட்டாங்க.) அந்த காகிதத்தையும் கவர் நோட்டையும் கொடுத்துட்டு, ஏஜெண்ட் கூடவே ஒரு கவர்ல மிச்சப் பணத்தையும் கொடுத்துட்டுப் போவார். காபி குடிச்சுட்டுத்தான் போவார்.

2000ல் தனியார் கம்பெனிகள் வந்த பிறகும் டாரிஃப் போகலை. 2002 டாரிஃப்படி சென்னையில் ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட, 1000 சிசிக்கு மேல 1500 வரை உள்ள காருக்கு, வண்டி மதிப்பில் 3.283 சதவீதம். எவன்கிட்ட போனாலும் அதேதான். 2007 ஜனவரி 1ம் தேதிதான் பூட்டைத் திறந்தாங்க. இன்னிக்கு நாம தட்டற ஒப்பீட்டு சைட் எல்லாம் அதுக்குப் பிறகு முளைச்சது. ஒரே விலைன்னா எதை ஒப்பிடறது?

ஆனா திறந்தது பாதிக் கதவுதான். நம்ம வண்டி அடிபடறதுக்கும் திருடு போறதுக்கும் கொடுக்கற பங்குக்கு மட்டும் விலைச் சுதந்திரம். தேர்ட் பார்ட்டி பங்கை இன்னும் அரசுதான் நிர்ணயம் பண்ணுது. 1000லேர்ந்து 1500 சிசி கார்னா, 2015-16ல் 1,598 ரூபாய், 2019ல் 3,221, 2022 ஜூன் 1 முதல் 3,416. இதை எந்த சைட்டுல தேடினாலும் ஒரு ரூபா குறையாது. லாரிக்காரங்களுக்கு இந்த பங்குதான் பெரிய சுமை. 2017 மார்ச் கடைசியில் தென் மாநில லாரிகள் நின்னதே இந்த உயர்வுக்காகத்தான்.

இந்த பங்கை ஏன் திறந்து விடலைன்னு பலர் திட்டறதைப் பார்க்கறேன். 1987ல் சுப்ரீம் கோர்ட் ஸ்காண்டியா வழக்கில் ஒரு விஷயம் தெளிவாச் சொன்னது. டிரைவர் பலகாரம் வாங்க இறங்கிப் போன நேரத்தில் கிளீனர் லாரியை எடுத்து விபத்து. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான், நாங்க கட்ட மாட்டோம்னு கம்பெனி நின்னது. கட்டுன்னு சொன்ன கோர்ட், இந்த இன்சூரன்சை கட்டாயமாக்கினது கம்பெனிகள் வியாபாரம் செழிக்க இல்லை, ரோட்டில் போற ஜனங்களுக்காகங்கற அர்த்தத்தில் விளக்கியிருக்கு. அதாவது நீங்களும் நானும் கட்டற அந்த 3,416 ரூபாய்க்கு உண்மையான வாடிக்கையாளர் நமக்கு முகம் தெரியாத ஒருத்தர். அவர் வந்து நமக்காக கம்பெனி தேர்ந்தெடுக்க முடியாது.

எங்க பெரியப்பா பையனை இன்சூரன்ஸ் இல்லாத ஒரு வேன் இடிச்சது. கால்ல மூணு ஆபரேஷன். தீர்ப்பாயத்தில் கேஸ் ஜெயிச்சான். வேன்காரர்கிட்ட அந்த வேனைத் தவிர ஒண்ணும் இல்லை. தீர்ப்பு நகலை பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவில் வச்சிருக்கான். கம்பெனி இல்லாத பாலிசின்னா என்னன்னு எனக்கு சவுந்த்ரா கதை படிக்கும் முன்னாடியே புரிஞ்சது அந்த பீரோவைப் பார்த்துத்தான். நாட்டில் ஓடற வண்டிகளில் பாதிக்கு மேல இன்சூரன்ஸ் இல்லாமலே ஓடுதுன்னு நாடாளுமன்றக் குழுவே சொல்லியிருக்கு. பெரும்பாலும் டூ வீலர்.

அப்போ விலை பார்க்கவே கூடாதா? தாராளமா பாருங்க. ஆனா எது குறையுதுன்னு பாருங்க. ஒரு கணக்கு. ஷோரூம் விலை 6 லட்சம், நாலு வருஷம் தாண்டின கார். 2002 டாரிஃப் அட்டவணைப்படி பாதி கழிச்சு மதிப்பு 3 லட்சம். பழைய வீதத்தில் 9,849. நாலு வருஷம் கிளெய்ம் இல்லாததுக்கு 45 சதவீதம் போனஸ் கழிச்சா 5,417. இப்போ ஒரு கம்பெனி அந்த 9,849லேயே 50 சதவீதம் தள்ளுபடி தருதுன்னு வச்சுக்கோங்க, போனஸும் போக 2,708 ஆகும். இது நிஜமான லாபம், 2007 கொடுத்தது. இன்னொருத்தன் 2,167க்கு தர்றேங்கறான். உள்ளே போய்ப் பார்த்தா அதே தள்ளுபடிதான், வண்டி மதிப்பை மட்டும் 3 லட்சத்திலேர்ந்து 2,40,000 ஆக்கியிருப்பான். 541 ரூபா மிச்சம். வண்டி திருடு போனா 60,000 நஷ்டம். நான் இந்த வருஷம் வாங்கின ஏழு விலையில் மூணு இந்த ரகம். மதிப்பை சமமா வச்சு மறுபடி கேட்டதும் ரெண்டு பேர் மத்த கம்பெனிகளை விட கூடவே சொன்னாங்க.

கம்பெனி நிக்குமாங்கற கவலைக்கு, நம்ம 1999 சட்டம் 100 கோடி மூலதனம் கேட்டது. அதுக்கு மேல, கடன் தீர்க்கும் திறன் 1.5 மடங்கு இருக்கணும். சால்வென்சி ரேஷியோங்கற அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தன் சைட்டிலேயே வெளியிடணும். பொறுமையா தேடினா கிடைக்கும். வேடிக்கை என்னன்னா, 2024 மார்ச் கணக்குப்படி நாலு அரசு கம்பெனிகளில் மூணு அந்த 1.5க்கு கீழேதான் இருந்தது. அங்கே பின்னாடி நிக்கறது அரசாங்கம், அந்த தைரியத்தில் ஓடுது. தனியாருக்கு அந்த சலுகை கிடையாது.

கொசுறு: ஈழத்துப் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரு உதவி. 1966-67ல் சவுந்த்ரா பத்தி கொழும்பு தமிழ்ப் பத்திரிகைகள் என்ன எழுதிச்சு? உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது நினைவிருந்தா கேட்டு பின்னூட்டத்துல போடுங்க. நம்ம ஊர்க்காரங்க, பரண்ல 1973க்கு முந்தின மோட்டார் பாலிசி ஏதாவது இருந்தா கம்பெனி பேரையும் பிரீமியத்தையும் மட்டும் சொல்லுங்க. அந்த 107 பேர்ல எனக்கு இதுவரைக்கும் பதினஞ்சு பேருதான் தேறியிருக்கு.